கார்லோ அன்செலோட்டி நட்சத்திர வீரர்களால் மட்டும் வென்றவரா?

"ஆட்டக்காரராக அன்செலோட்டி அவ்வளவு பெரிய ஆளா? பயிற்சியாளராக அவர் குவித்த கோப்பைகளெல்லாம் கையில் கிடைத்த நட்சத்திரங்களின் தயவுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்ப்பதற்கு இரண்டு கேள்விகள்போலத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்: இந்த இத்தாலியக் கால்பந்துப் பயிற்சியாளருக்கென்று தனியாக ஒரு வித்தை உண்டா, உண்டென்றால் அதை எங்கே கற்றார்? எந்த ஆட்டங்களைப் பார்த்தால் இது விளங்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்கும் ஒரு சிறிய கிளப்பின் இளையோர் அணிக்கும் கால்பந்துப் பயிற்சி தந்து வருபவன். பயிற்சியாளர் உரிமத் தேர்வுக்காக இத்தாலியர்களின் ஆட்ட முறையைக் கொஞ்சம் ஆழமாகப் படிக்க நேர்ந்தது. ஆனால் ஐரோப்பியப் பெரிய கிளப் ஒன்றின் உடைமாற்றும் அறைக்குள் நின்றவன் அல்ல. ஆகவே பதிவில் உள்ளது எது, என் கணிப்பு எது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டக்காரர். 1959 ஜூன் 10 அன்று வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில் ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில், மாடு வளர்த்துப் பால் கறந்து பிழைத்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உலகம் பார்மேசான் என்று அழைக்கும் பாலாடைக்கட்டியின் தாய்நிலம் அது. பார்மா அணியில் தொடங்கி, 1979-இல் ரோமாவுக்குப் போனார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஸ்வீடன் நாட்டு நில்ஸ் லீட்ஹோம். குரலை உயர்த்தாமலே அணியை நடத்திய மனிதர் அவர். 1982-83 பருவத்தில் ரோமா இத்தாலிய லீக்கை வென்றபோது நடுக்களத்தில் அன்செலோட்டி இருந்தார். பிறகு ரோமாவுக்கே கேப்டனும் ஆனார். ஆகவே "சாதாரண ஆட்டக்காரர்" என்ற பேச்சுக்கு இடமில்லை. இத்தாலி தேசிய அணிக்காக 26 ஆட்டங்கள்தானே ஆடினார் என்று எதிர்வாதம் வரும். அதற்கு விடை அவருடைய முழங்கால்களில் இருக்கிறது. 1981 அக்டோபரில் ஒரு முழங்கால் போனது. அதனால் இத்தாலி கோப்பையை வென்ற 1982 உலகக் கோப்பையை இழந்தார். 1983 டிசம்பரில் மற்ற முழங்கால் போனது. அதனால் 1984 மே மாதம் ரோமா தன் சொந்த மைதானத்திலேயே லிவர்பூலுடன் ஆடிய ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. ரோமா பெனால்டியில் தோற்றது. ஓர் ஆட்டக்காரனின் வாழ்வில் வரக்கூடிய இரண்டு பெரிய நாள்களையும் வெளியில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

1987-இல் மிலான் கிளப்புக்கு அவரை வற்புறுத்தி அழைத்துக்கொண்டவர் அதன் பயிற்சியாளர் அரிகோ சாக்கி. அடிபட்ட முழங்கால்களை நம்பிப் பணம் போடுவதில் உரிமையாளர் பெர்லுஸ்கோனிக்குத் தயக்கம் இருந்தது, சாக்கி விடவில்லை. இந்தச் சாக்கி பெரிய அளவில் கால்பந்து ஆடியவரே அல்லர். குதிரையேறுகிறவன் முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று அவர் சொன்னது பிரபலம். அவருடைய முறையை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனெனில் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர் என்ற 4-4-2 வரிசை. கடைசித் தற்காப்பு வீரருக்கும் முன்கள வீரருக்கும் இடையே ஏறக்குறைய 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. எதிரணி ஆளைத் துரத்திக் காக்காமல் இடத்தைக் காக்க வேண்டும். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பத்துப் பேரும் ஒரே துணியாக நகர வேண்டும். இதைப் பழக்க, சாக்கி பந்தே இல்லாமல் அணியை ஆட வைத்தார். பந்து இன்ன இடத்தில் இருப்பதாக அவர் குரல் கொடுக்க, பதினோரு பேரும் அதற்கேற்ப நகர வேண்டும். இந்த இயந்திரத்தின் நடுவே நின்று, மற்றவர்களை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தியவர் அன்செலோட்டி. 1989 ஏப்ரலில் தன் சொந்த மைதானமான சான் சிரோவில் ரியல் மாட்ரிட்டை மிலான் 5-0 என்று நொறுக்கிய ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் முதல் கோல், தொலைவிலிருந்து அவர் அடித்ததுதான். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடைத்தது. 1992-இல் ஆடுவதை நிறுத்திக்கொண்டார்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அன்செலோட்டியின் வித்தையை மிலானின் கோப்பைகளிலோ மாட்ரிட்டின் கோப்பைகளிலோ தேடினால் கிடைக்காது; அவர் பெரிய பட்டம் எதையும் வெல்லாத 1996 முதல் 2001 வரையிலான ஆண்டுகளில் தேட வேண்டும் என்பதே என் கருத்து. அந்தக் கதையில் அடிக்கடி குறுக்கே வருகிற ஒருவர் ராபர்டோ பாஜியோ என்ற இத்தாலிய முன்கள வீரர்.

ஆட்டத்தை விட்டதும் அன்செலோட்டி, இத்தாலி தேசிய அணியின் பயிற்சியாளராகியிருந்த சாக்கியின் உதவியாளரானார். 1994 உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிராக இத்தாலியின் கோல்கீப்பர் பாலியூக்கா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மாற்றுக் கோல்கீப்பர் உள்ளே வர, களத்திலிருந்து ஒருவரை எடுத்தாக வேண்டும். சாக்கி எடுத்தது பாஜியோவை. அப்போது உலகின் சிறந்த வீரர் என்ற பட்டம் பெற்றிருந்தவர், நம்ப முடியாத முகத்துடன் வெளியேறியதை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமைப்புதான் முக்கியம், அதற்குள் நிற்கும் ஆள் யார் என்பது பிறகு என்ற சாக்கியின் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. பத்துப் பேருடன் இத்தாலி அந்த ஆட்டத்தை 1-0 என்று வென்றதால் சாக்கி செய்தது தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நைஜீரியாவுக்கு எதிராக இரண்டு, ஸ்பெயினுக்கு எதிராக ஒன்று, பல்கேரியாவுக்கு எதிராக இரண்டு என்று ஐந்து கோல் அடித்து இத்தாலியை இறுதி ஆட்டம்வரை தூக்கிச் சென்றவரும் அதே பாஜியோதான். பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தவரும் அவரே. இவை அனைத்தும் நடந்தபோது அன்செலோட்டி சாக்கிக்குப் பக்கத்தில் இருந்தார்.

1995-இல் ரெஜ்ஜானா என்ற சிறிய அணியைக் கையிலெடுத்து, இரண்டாம் பிரிவில் நான்காம் இடம் பிடித்து முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். அடுத்து 1996-இல் பார்மா. பையன் புஃபோன், கன்னவாரோ, துராம், க்ரெஸ்போ, கியேசா என்று இளமையும் பலமும் நிறைந்த அணி. அந்த அணியில் ஜியான்ஃபிராங்கோ ஜோலாவும் இருந்தார். ஜோலா, முன்கள வீரருக்குப் பின்னால் இரு வரிசைகளுக்கு நடுவே உலாவும் வகை. பத்தாம் எண் சட்டைக்காரர் என்று கால்பந்துக்காரர்கள் சொல்லும் ஆள். சாக்கியின் 4-4-2-இல் அப்படி ஓர் இடமே கிடையாது. முன்னால் க்ரெஸ்போவும் கியேசாவும் நிற்க, ஜோலா ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். 1996 நவம்பரில் செல்ஸீக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்திலேயே இங்கிலாந்துக் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த கோடையில் பாஜியோ பார்மாவுக்கு வருவதற்குத் தயாராக இருந்தார். தன் விருப்பமான இடத்தில், முன்கள வீரருக்குப் பின்னால் ஆட வேண்டும் என்று கேட்டார். அன்செலோட்டி வேண்டாம் என்றார். பாஜியோ பொலோஞ்ஞாவுக்குப் போய் அந்த ஒரே பருவத்தில் லீக்கில் 22 கோல் அடித்தார். அன்செலோட்டி இதைத் தன் பிடிவாதத்தால் செய்த தவறு என்று பின்னாளில் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே இது என் ஊகம் அல்ல.

இதைப் படிக்கிறபோது எனக்குக் கொஞ்சம் கூசும். பயிற்சி தரத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், 25 மீட்டர் என்ற கணக்கைப் படித்த உற்சாகத்தில், மைதானத்தில் இரண்டு கயிறுகளைக் கட்டி, பதினைந்து வயதுப் பையன்களை அவற்றுக்கு நடுவிலேயே நகர வைத்தேன். அணியில் ஒருவன் இருந்தான். பந்து காலுக்கு வருமுன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறவன். எங்கே இடம் காலியாகும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். என் வரிசையில் அவனுக்கு வேலை இல்லாததால் வலது ஓரக்கோட்டில் நிறுத்தினேன். ஒழுங்காக ஓடினான், ஒழுங்காகத் திரும்பி வந்தான், எதிர்த்துப் பேசவே இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகுதான் அவன் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டான் என்பதைக் கவனித்தேன். ஓரக்கோட்டில் நிற்பவனுக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது? அணி அதிகம் தோற்கவில்லை என்பதால் தவறு எனக்குத் தெரியவில்லை. பார்மாவிலும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். 1996-97-இல் பார்மா 63 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பிடித்தது. 65 புள்ளிகளுடன் முதலிடம் யுவென்டஸுக்கு. இவ்வளவு நல்ல முடிவு வந்தபோது முறையில் குறை இருப்பதாக யார் நினைப்பார்கள்?

1999 பிப்ரவரியில் பயிற்சியாளர் லிப்பியின் இடத்தில் யுவென்டஸுக்கு வந்தார். சில ரசிகர்கள், பன்றியால் பயிற்சி தர முடியாது என்று பதாகை எழுதி வரவேற்றார்கள். அவருடைய உருவத்தையும் பிறந்த ஊரையும் சேர்த்துச் செய்த கேலி. அங்கே ஜிடேன் இருந்தார். அவரும் பத்தாம் எண் வகை ஆட்டக்காரர். ஜிடேனை ஓரத்தில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. அன்செலோட்டிக்கும் வரவில்லை. இந்த முறை வரிசையை மாற்றினார். பின்னால் மூவர், நடுவில் நால்வர், அவர்களுக்கு முன்னால் சுதந்திரமாக ஜிடேன், அவருக்கும் முன்னால் இருவர். கால்பந்து பற்றிய தன் எண்ணத்தையே மாற்றியவர் ஜிடேன்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் பட்டம் வரவில்லை. 2000 மே 14, பருவத்தின் கடைசி நாள். லாட்சியோவைவிட இரண்டு புள்ளி முன்னிலையில் யுவென்டஸ் பெருஜியாவுக்குப் போனது. இடைவேளையில் கொட்டிய மழையில் மைதானம் குளமானது. நடுவர் கொல்லினா ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்திவைத்து, மைதானத்தைச் சோதித்துப் பார்த்து, பிறகு தொடங்கினார். தொடங்கிய சில நிமிடங்களில் பெருஜியாவின் கலோரி கோல் அடித்தார். முடிவு 1-0. தன் ஆட்டத்தை எப்போதோ வென்று முடித்துவிட்டு ரோமில் காத்திருந்த லாட்சியோவுக்கு ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கிடைத்தது. (நம் சென்னையின் எஃப்சி 2015-இல் ஐஎஸ்எல் பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்த மார்கோ மட்டராஸி அன்றைய பெருஜியா அணியைச் சேர்ந்தவர் என்பது நம்மவர்களுக்காக ஒரு துணுக்கு.)

அன்று பெருஜியாவுக்குப் பயிற்சியாளர் கார்லோ மட்ஸோனே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் மட்ஸோனே பிரெஷ்யாவுக்குப் போனார்; யாருக்கும் வேண்டாதவராகியிருந்த பாஜியோவை, முப்பத்து மூன்று வயதில், அழைத்துக்கொண்டார். பத்தாம் எண் இடம் பாஜியோவுக்கு. 2001 ஜனவரியில் மிலான் நகரின் இன்னொரு கிளப்பான இன்டரிலிருந்து இரவல் வீரராகத் தன் சொந்த ஊர் அணிக்கே திரும்பி வந்தார் ஆந்திரேயா பிர்லோ என்ற இளைஞர். அவரும் பத்தாம் எண் ஆட்டக்காரர்தான். அந்த இடத்தில் பாஜியோ நிற்கிறாரே? மட்ஸோனே பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து, தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அங்கே நின்றால் ஆட்டம் முழுவதும் முகத்துக்கு நேரே தெரியும். நெருக்கி அடிக்க எதிராளி வருவதற்குள் நாற்பது மீட்டர் பாஸ் போய்விடும்.

2001 ஏப்ரல் 1. டூரினில் யுவென்டஸ், பிரெஷ்யாவை 1-0 என்று வென்றுகொண்டிருக்கிறது. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, நடுக்கோட்டருகே பந்தை வாங்கிய பிர்லோ, யுவென்டஸின் தற்காப்பு வீரர்கள் எல்லாருக்கும் மேலாக ஒரு நீண்ட பாஸைத் தூக்கிப் போடுகிறார். தோளுக்கு மேலாக இறங்குகிற பந்தை, தரையில் விழவிடாமலே, பாஜியோ பாதத்தால் ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்த ஒரே தட்டில் பந்தும் அவரும் கோல்கீப்பர் வான் டெர் சாரைக் கடந்துவிடுகிறார்கள். காலி வலைக்குள் பந்து. 1-1. அந்தப் பருவத்தில் ரோமா 75 புள்ளிகளுடன் பட்டம் வென்றது, யுவென்டஸ் 73. அன்செலோட்டியின் வேலை போனது. தான் வேண்டாமென்ற ஒருவருக்கு, அவருக்காகவே பின்னால் நகர்த்தப்பட்ட இன்னொருவர் போட்ட பாஸில், தன்னை மழையில் வென்ற அதே கிழவரின் அணியிடம் அவர் அன்று இரண்டு புள்ளிகளைத் தவறவிட்டார். ஒரு சமநிலையால் மட்டும் பட்டம் போனதென்று சொல்வது நியாயமல்ல, 34 ஆட்டங்கள் கொண்ட பருவம் அது. ஆனால் பார்மா, யுவென்டஸ் ஆண்டுகளில் மூன்று முறை இரண்டாமிடம், மூன்று முறைக்கும் சேர்த்து மொத்த வித்தியாசம் ஐந்து புள்ளி என்பதைக் கூட்டிப் பார்த்தால், அந்த மனிதரின் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று கற்பனை செய்யலாம்.

2001 நவம்பரில் மிலான் அவரை அழைத்தது. அந்த ஆண்டுதான் பிர்லோவும் இன்டரிலிருந்து மிலானுக்கு வந்திருந்தார். அடுத்த கோடைக்குள் ரூயி கோஸ்டா, சீடோர்ஃப், ரிவால்டோ என்று பத்தாம் எண்காரர்களின் கூட்டமே அங்கே சேர்ந்துவிட்டது. 1996-இல் இருந்த அன்செலோட்டி இவர்களில் பாதிப் பேரை விற்றிருப்பார். 2002-இல் இருந்தவர், எல்லோரையும் எப்படி ஒரே களத்தில் நிறுத்துவது என்று வரிசையை யோசித்தார். பிர்லோ தற்காப்புக்கு முன்னால், அவர் ஓடாத ஓட்டத்தையெல்லாம் ஓட வலப்பக்கம் கட்டூஸோ, இடப்பக்கம் சீடோர்ஃப், இவர்களுக்கு முன்னால் ரூயி கோஸ்டா, பிறகு காக்கா. சில நாள் 4-3-1-2, சில நாள் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர் வாங்கிய 4-3-2-1. இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். பிர்லோவைப் பின்னால் நிறுத்தும் யோசனை அன்செலோட்டியின் கண்டுபிடிப்பு என்று இணையத்தில் எழுதுகிறார்கள். பிரெஷ்யாவில் மட்ஸோனே அதை முன்பே செய்துவிட்டார் என்பது உறுதி. மிலானில் அந்த யோசனையை முதலில் எடுத்தவர் அன்செலோட்டியா, பிர்லோவே போய்க் கேட்டாரா என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உலவுகின்றன. யார் தொடங்கியிருந்தாலும், இப்படி ஓர் ஆளை நடுக்களத்தின் அடியில் வைத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையை வெல்லலாம் என்று செய்து காட்டியவர் அன்செலோட்டிதான். என் கணிப்பில் அவருடைய வித்தை இதுதான்: வரிசையை முடிவுசெய்துவிட்டு ஆள் தேடுவதில்லை; இருக்கிற ஆள்களைப் பார்த்துவிட்டு வரிசை பின்னுகிறார். சாக்கியிடம் கற்ற நகர்வு ஒழுக்கத்தை அவர் விடவில்லை, அதன் அளவுச் சட்டையைத்தான் கழற்றிப் போட்டார்.

அதற்குப் பிறகான கோப்பைகளை விரைவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவற்றை எங்கும் படிக்கலாம். மிலானுடன் சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பையின் புதிய பெயர்) 2003, 2007. இத்தாலிய லீக் 2004. செல்ஸீயுடன் 2009-10-இல் லீக்கும் எஃப்ஏ கோப்பையும், அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 103 கோல். பாரிஸுடன் 2013-இல் பிரெஞ்சு லீக். ரியல் மாட்ரிட்டுடன் 2014-இல் அந்தக் கிளப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த பத்தாவது ஐரோப்பியக் கோப்பை. பயேர்னுடன் 2017-இல் ஜெர்மன் லீக். மீண்டும் மாட்ரிட்டுக்கு வந்து 2022-இலும் 2024-இலும் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும். ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளையும் வென்ற முதல் பயிற்சியாளர் அவர். பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் என்ற எண்ணிக்கையையும் வேறு யாரும் தொடவில்லை. 2025 மே மாதம் பிரேசில் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். அடுத்த மாதம், அவருடைய 66-ஆம் பிறந்தநாளன்று, பராகுவேயை 1-0 என்று வென்று பிரேசில் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

இனி எதிர்த்தரப்பு. உங்கள் கேள்விக்குள் இருக்கிற சந்தேகம் வெறும் பொறாமைப் பேச்சு அல்ல. லீக் என்பது ஒன்பது மாத உழைப்பின் கணக்கு. ஏறக்குறைய எட்டுப் பருவங்கள் மிலானில் இருந்து, அவ்வளவு நல்ல வீரர்களை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு லீக் பட்டம் என்பது குறைவுதான். சாம்பியன்ஸ் லீக்கின் கடைசிக் கட்ட ஆட்டங்களில் அதிர்ஷ்டம் அவர் பக்கம் பலமுறை நின்றிருக்கிறது. 2003-இல் அயாக்ஸை வென்றது கடைசி நிமிடக் கோலில். அரையிறுதியில் இன்டருடன் 0-0, 1-1. இரண்டு ஆட்டங்களும் ஒரே சான் சிரோ மைதானத்தில் நடந்தும், வெளிமைதானக் கோல் (மொத்தக் கணக்கு சமமானால் எதிரணியின் மைதானத்தில் அதிகம் அடித்தவர் வெல்வார் என்ற அப்போதைய விதி) என்ற கணக்கில் மிலான் தேறியது! 2014 இறுதி ஆட்டத்தில் மாட்ரிட்டின் ராமோஸ் 93-ஆம் நிமிடத்தில் தலையால் முட்டியிராவிட்டால் கோப்பை அத்லெட்டிகோவுக்கு. 2022-இல் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக ரோட்ரிகோ 90-ஆம் நிமிடத்தில் ஒன்றும் அடுத்த நிமிடமே இன்னொன்றும் அடித்தார். இதற்கெல்லாம் ஈடாக 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டம் இருக்கிறது: இடைவேளையில் 3-0 முன்னிலை, பிறகு ஆறே நிமிடத்தில் லிவர்பூல் மூன்று கோல், பெனால்டியில் தோல்வி. அன்று இடைவேளையில் மிலான் வீரர்கள் வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அங்கே இருந்தவர்கள் அதை மறுத்திருக்கிறார்கள்; நான் அதை நம்புவதில்லை.

நட்சத்திரங்கள் இல்லாத இடத்தில் என்ன செய்தார் என்பதும் நியாயமான கேள்வி. எவர்ட்டனில் 2020-21 பருவத்தில் பத்தாம் இடம். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1999-க்குப் பிறகு எவர்ட்டன் பெற்ற முதல் வெற்றி அவர் காலத்தில் வந்தது. ஆனால் மொத்தத்தில் மோசமில்லை, அற்புதமும் இல்லை. நட்சத்திரங்கள் இருந்தும் சரிவராத இடங்களும் உண்டு. பயேர்னில் 2017 செப்டம்பரில் பாரிஸிடம் 3-0 என்று தோற்றதும் வேலை போனது. ஐந்து வீரர்கள் அவருக்கு எதிராக இருந்ததாகக் கிளப்பின் தலைவரே வெளியில் சொன்னார். பயிற்சி மிகவும் இலகுவாக இருந்தது என்ற முறையீடும் பத்திரிகைகளில் வந்தது. நேப்பிள்ஸில் 2019-இல் நிர்வாகம் அணியை முகாமில் அடைக்க உத்தரவிட, வீரர்கள் மறுத்து வீட்டுக்குப் போனார்கள்; அந்த உத்தரவு தனக்கும் உடன்பாடில்லை என்று அன்செலோட்டி சொன்னார், ஆனாலும் நடுவில் சிக்கியவர் அவர்தான். மென்மையாக நடத்துகிற பயிற்சியாளருக்கு வீரர்கள் உள்ளுக்குள் தாமே கட்டுப்பாடாக இருக்க வேண்டும். மிலானின் மால்தீனி, மாட்ரிட்டின் மோட்ரிச், க்ரோஸ் போன்றவர்கள் அப்படிப்பட்டவர்கள். அப்படி இல்லாத அணியை அடித்துத் திருத்துவது அவர் வேலை அல்ல. ஆகவே "எந்த அணியைக் கொடுத்தாலும் வெல்லும் பயிற்சியாளர்" என்று அவரைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் "அந்த வீரர்களை வைத்து யாரும் வென்றிருப்பார்கள்" என்பதை மட்டும் ஏற்க முடியாது. பத்தாம் எண்காரர் நால்வரை வாங்கிக் கொடுத்தால் அணி தானாக அமைந்துவிடாது; பெரும்பாலும் குழப்பம்தான் மிஞ்சும். 2013-14-இல் மாட்ரிட்டுக்கு பேல் வந்தபோது ஓர ஆட்டக்காரரான டி மரியாவுக்கு இடமில்லாமல் போனது. அவரை உள்ளே இழுத்து நடுக்களத்தில் இடப்பக்கத்தில் நிறுத்தினார் அன்செலோட்டி. 2023-இல் பென்ஸிமா போனபின் அவருடைய இடத்துக்கு ஈடான முன்கள வீரர் வாங்கப்படவில்லை. நடுக்கள வீரரான பெல்லிங்ஹாமை மேலே ஏற்றி, வினிசியஸுக்கும் ரோட்ரிகோவுக்கும் பின்னால் விட்டார். லீக்கில் மட்டும் 19 கோல். ஜோலாவை ஓரத்துக்குத் தள்ளிய அதே மனிதர் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, இல்லாத ஓர் இடத்தை ஒருவருக்காகப் புதிதாக உண்டாக்குகிறார். இதில் எவ்வளவு அவருடைய யோசனை, எவ்வளவு மகன் தவீதே போன்ற உதவியாளர்களின் யோசனை என்பது வெளியிலிருந்து பார்க்கிற என் போன்றவர்கள் அளந்து சொல்லக் கூடியதல்ல. முடிவெடுத்துப் பொறுப்பேற்றவர் அவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அவருடைய அமைதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு புருவத்தைத் தூக்கியபடி நிற்கிற அந்த முகத்தை வைத்து, ஒன்றும் செய்யாமல் வேடிக்கை பார்க்கிறவர் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆட்டம் நடக்கும்போது கோட்டோரத்தில் நின்று கத்துவதால் பெரிதாக எதுவும் மாறாது என்பதை என் மைதானத்திலேயே பார்த்திருக்கிறேன். பையன்கள் பந்தைப் பார்ப்பதை விட்டு என் வாயைப் பார்க்கத் தொடங்குவார்கள், அவ்வளவுதான். எண்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் அதுவும் கேட்காது. வேலை வாரநாள்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவருடைய அமைதிதான் கோப்பைகளுக்குக் காரணம் என்று புத்தகங்களில் எழுதுவதையும் நான் முழுதாக ஏற்பதில்லை. அதே அமைதி பயேர்னில் குறையாகச் சொல்லப்பட்டது அல்லவா?

எந்த ஆட்டங்களைப் பார்ப்பது என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதலில் 2001 ஏப்ரல் 1 ஆட்டத்தின் அந்தக் கோலைப் பாருங்கள். பாஜியோவை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் பிர்லோ எங்கே நின்று பாஸ் போடுகிறார் என்று பாருங்கள். அடுத்தது 2003 மே 28, மான்செஸ்டரில் மிலானும் யுவென்டஸும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். கோலே விழாமல் 120 நிமிடம் போகும், பலருக்குத் தூக்கம் வரும் என்று எச்சரிக்கிறேன். ஆனால் முதல் பாதியில் பிர்லோ, சீடோர்ஃப், ரூயி கோஸ்டா மூவரும் ஒருவர் இடத்தை ஒருவர் மிதிக்காமல் எப்படி நகர்கிறார்கள் என்பதையும், கட்டூஸோ யாருடைய காலி இடத்தை நிரப்ப ஓடுகிறார் என்பதையும் மட்டும் கவனித்தால் நேரம் போவது தெரியாது. மூன்றாவது 2014 மே 24, லிஸ்பனில் நடந்த இறுதி ஆட்டம். ராமோஸின் கோலைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். கூடுதல் நேரம் வரை பொறுங்கள். 110-ஆம் நிமிடத்தில், ஆட்டம் முழுக்க நடுக்களத்தில் ஓடிக் களைத்திருக்க வேண்டிய டி மரியா, இடப்பக்கத்தில் பந்தை வாங்கி அத்லெட்டிகோவின் தற்காப்பு வீரர்களுக்கு நடுவே புகுந்து உள்ளே வருவார். அவர் அடித்ததைக் கோல்கீப்பர் கூர்த்துவா காலால் தடுப்பார். எகிறிய பந்தைத் தூரக் கம்பத்தருகே தலையால் முட்டி உள்ளே தள்ளுவார் பேல். யாருக்காக டி மரியா தன் ஓரத்தை விட்டுக்கொடுத்தாரோ, அதே பேல்.